பழைய 'ஸ்பீடு' காருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் தேவையா? லிட்டருக்கு 60 ரூபாய் கூட கொடுத்தும் 'டிக் டிக்' சத்தம் நிற்காதது ஏன்?

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க். 20 வருடம் பழைய போர்டு ஐகான் 1.6 கார் வந்து நிற்கிறது. புது பெயிண்டு, அகலமான டயர், பின்னால் தடித்த சைலன்சர். "நார்மலா, பவரா?" என்று பங்க் ஊழியர் கேட்கிறார். கார்க்காரர் ஒரு நொடி யோசிக்கிறார். அது சாதாரண கார் இல்லையே, 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்து விற்ற வண்டியாச்சே. "உசத்தியானதையே போடுங்க" என்கிறார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சம் அல்ல. சென்னையில் 2025-ம் ஆண்டு சாதாரண பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்றது. 100 ஆக்டேன் பெட்ரோலோ 160 ரூபாய்க்கு மேல். மாதம் 40 லிட்டர் போடுகிறவருக்கு மாதம் 2 ஆயிரத்து 400 ரூபாய் கூடுதல் செலவு. வருடத்துக்கு 28 ஆயிரத்து 800. பழைய காரை வைத்திருப்பவருக்கு இந்த காசில் 4 டயரே வாங்கிவிடலாம்.

இந்த பணத்துக்கு கார் என்ன திருப்பித் தருகிறது? பெரும்பாலான பழைய கார்களில் பதில், ஒன்றுமே இல்லை. ஆனால் சில கார்களுக்கு உசந்த ஆக்டேன் நிஜமாகவே தேவை. அதை போடாமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். நம்ம வண்டி இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆக்டேன் என்றால் பவர் இல்லை

ஆக்டேன் எண் அதிகமானால் பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். இது தப்பு. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை. எவ்வளவு அழுத்தினாலும், எவ்வளவு சூடானாலும், பிளக் பொறி வைக்கும்வரை தானாக பற்றிக்கொள்ளாமல் இருக்கும் குணம். அவ்வளவுதான்.

என்ஜினுக்குள் நடப்பது இதுதான். பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. பிளக் பொறி விடுகிறது. நெருப்பு பிளக்கில் இருந்து ஓரம் நோக்கி சீராக பரவ வேண்டும். ஆனால் பொறுமை குறைந்த பெட்ரோலாக இருந்தால், நெருப்பு வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சம் இருக்கும் கலவை குப்பென்று தானாக வெடிக்கும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும்போது கேட்பதுதான் 'டிக் டிக்' சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லை போட்டு குலுக்கியது போல இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள்.

ஒன்றிரண்டு தடவை வந்தால் பயமில்லை. மாதக்கணக்கில் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். அப்புறம் என்ஜினை இறக்குவதைத் தவிர வழியில்லை.

இந்த பொறுமையை அளக்க ஒத்தை சிலிண்டர் சோதனை என்ஜின் ஒன்று உண்டு. 600 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு, கம்ப்ரஷனை கொஞ்சம் கொஞ்சமாக கூட்டிப் பார்ப்பார்கள். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 மார்க், ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 மார்க். இரண்டையும் 91-க்கு 9 என்று கலந்தால் எப்போது நாக்கிங் வருமோ, அதே நிலையில் வரும் பெட்ரோலுக்கு 91 ஆக்டேன். பங்க் போர்டில் பார்க்கும் எண் இதுதான். ஆர்.ஓ.என். என்று சுருக்கமாக சொல்வார்கள்.

அமெரிக்க கணக்கு வேறு. அங்கே இன்னொரு கடுமையான சோதனையின் எண்ணையும் சேர்த்து சராசரி போட்டு எழுதுகிறார்கள். அதனால் அங்கே 87 என்று எழுதியிருப்பது நம்ம ஊர் கணக்கில் ஏறக்குறைய 91. அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு "இந்த காருக்கு 91 போதுமாம்" என்று முடிவுக்கு வந்தால் ஏமாந்து போவீர்கள். அவர்கள் சொல்லும் 91, இங்கே 95-க்கும் மேல். துபாயில் 'ஸ்பெஷல் 95', 'சூப்பர் 98' என்று போடுவதும், மலேசியாவில் 95, 97 என்று போடுவதும் நம்ம கணக்குதான். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் மாறிவிட்டது, கார் மாறவில்லை

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஐகான் 1999-ம் ஆண்டு மறைமலைநகரில் இருந்து வெளிவந்தது. 2000-ல் ஹோண்டா சிட்டி 1.5 'வி-டெக்' 106 குதிரை சக்தியுடன் வந்தது. 2001-ல் பியட் பாலியோ 1.6 வந்தது. தெண்டுல்கர் விளம்பரம் செய்தாரே, அதேதான். திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லேன்சருக்கு தனி ரசிகர் கூட்டமே இருந்தது. மாருதி எஸ்டீம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடாத ஓட்டமா?

அந்த காலத்தில் பங்கில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 87, 88 ஆக்டேன்தான். கார் கம்பெனிகளுக்கு இது தெரியாதா? அந்த பெட்ரோலை குடித்தே ஓடும்படிதான் இந்தியாவில் விற்ற கார்களின் டைமிங்கை வைத்தார்கள். கம்ப்ரஷன் 9 முதல் 10 வரை. அதற்கு முந்தைய தலைமுறை பத்மினி, அம்பாசிடர் எல்லாம் 7, 8 தான்.

அதற்குப் பிறகு பெட்ரோல் உசந்துகொண்டே வந்தது. முதலில் ஈயம் போனது. நாக்கிங்கை அடக்க பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி 1921-ல் கண்டுபிடித்தார். விஷம் என்று தெரிந்தும் உலகமே பல பத்து வருடம் அதைத்தான் எரித்தது. சென்னை உள்பட 4 பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது. 2000 பிப்ரவரி 1-ந்தேதியோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. பின்னர் சாதாரண பெட்ரோலே 91 ஆனது. பி.எஸ்.-6 வந்த 2020-லும் 91தான்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த 'இ20' பெட்ரோல். எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ தாண்டும். அதை ஐந்தில் ஒரு பங்கு கலந்ததால் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95 ஆகிவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

அதாவது 88-ல் ஓடப் பிறந்த ஐகானுக்கு, நார்மல் பம்பிலேயே 95 கிடைக்கிறது. அதற்கு மேல் 100 போடுவது, 3-வது மாடியில் குடியிருப்பவர் 10-வது மாடி வரை லிப்டில் போய்விட்டு இறங்கி வருவது மாதிரி. லிட்டருக்கு 7, 8 ரூபாய் கூட கொடுத்து '95' என்று எழுதிய பிரிமியம் போடுவதிலும் ஆக்டேனுக்காக பெரிய லாபம் இல்லை. அதில் சேர்க்கும் கிளீனிங் மருந்துக்காக வேண்டுமானால் 4, 5 டேங்குக்கு ஒரு தடவை போடலாம்.

எந்த காருக்கு 97, 100 தேவை?

முதலில் டர்போ வண்டிகள். 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நல்ல உதாரணம். 1.8 லிட்டர், டர்போ, 150 குதிரை. டர்போ காற்றை வெளியிலேயே அமுக்கி உள்ளே தள்ளுகிறது. பிறகு பிஸ்டன் இன்னொரு முறை அமுக்குகிறது. சூடும் அழுத்தமும் எகிறும். இந்த வகை ஐரோப்பிய கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கமே 95 என்றோ 98 என்றோ ஸ்டிக்கர் இருக்கும். 98 என்று இருந்தால் பேசிப் பயனில்லை, உசத்தி பெட்ரோல் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, கை வைத்த வண்டிகள். ஹெட்டை சீவி கம்ப்ரஷனை ஏற்றியவை, ரேசுக்காக டைமிங்கை முன்னால் தள்ளியவை, கம்ப்யூட்டரை 'ரீமேப்' செய்தவை. பழைய கார் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முந்தைய ஓனர் என்ன செய்தார் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. "பிக்கப் பிச்சுக்கும் சார்" என்று புரோக்கர் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஹெட் இறக்கி வேலை செய்ததா, சிப் மாற்றியதா என்று கேட்டுவிடுவது நல்லது. கம்ப்ரஷன் கேஜ் போட்டு பார்த்தால் சந்தேகம் தீரும்.

மூன்றாவது ரகம், நாக் சென்சார் உள்ள கார்கள். நாக்கிங் வருவதை இந்த சென்சார் கேட்டு, கம்ப்யூட்டரிடம் சொல்லி டைமிங்கை பின்னுக்கு இழுக்கும். என்ஜின் பிழைத்துக்கொள்ளும், கொஞ்சம் பவர் குறையும். இப்படிப்பட்ட காருக்கு ஆக்டேன் கூடினால் ஓரளவு பலன் தெரியலாம். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்களில் இந்த புத்திசாலித்தனம் கிடையாது. மெக்கானிக் வைத்த டைமிங்தான். அங்கே 100 ஆக்டேன் போட்டாலும் என்ஜினுக்கு அது தெரியவே தெரியாது.

100 போட்டும் சத்தம் நிற்கவில்லையா?

இதுதான் ஒர்க்ஷாப்புகளில் வழக்கமாக கேட்கும் புலம்பல். பெட்ரோலை மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் நோய் பெட்ரோலில் இல்லை, என்ஜினில் இருக்கிறது.

முதல் குற்றவாளி கார்பன். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி படிந்திருக்கும். கரி இடத்தை அடைப்பதால் கம்ப்ரஷன் கூடுகிறது. தணல் போல சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் புதிதில் 88-ல் சத்தமில்லாமல் ஓடிய கார், வயதானதும் அதிக ஆக்டேன் கேட்கிறது. கார்பன் எடுக்க ஒரு தடவை செலவு செய்தால் போதும். 100 ஆக்டேனுக்கு வாரா வாரம் செலவு.

ரிங் தேய்ந்து ஆயில் உள்ளே ஏறினாலும் நாக்கிங் வரும். ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் சிலிண்டருக்குள்ளேயே குறைந்துவிடும். சைலன்சரில் நீலப்புகை தெரிந்தால் இதுதான். இது தவிர ரேடியேட்டர் அடைப்பு, வேலை செய்யாத பேன், தவறான பிளக், எங்கேயோ காற்று கசிந்து கலவை வறண்டு போவது என்று காரணங்கள் நிறைய. சென்னை வெயிலில் டிராபிக்கில் நிற்கும் காருக்கு கூலிங் சரியில்லை என்றால் எந்த பெட்ரோலும் காப்பாற்றாது.

டிரைவிங்கும் ஒரு காரணம். கத்திப்பாரா மேம்பாலத்தில் 4-வது கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் எந்த பழைய காரும் முனகத்தான் செய்யும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும், கொல்லிமலையின் 70 வளைவிலும் கியரை குறைக்காமல் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதை. 2-வது கியருக்கு வந்தால் பாதி சத்தம் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலை மேலே போய்விட்டால் ஆக்டேன் தேவை குறைகிறது. ஊட்டி 7 ஆயிரத்து 300 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே கம்மி, அழுத்தமும் கம்மி. "ஊட்டியில வண்டி சத்தமே போடல, மேட்டுப்பாளையம் இறங்கினதும் திரும்ப வந்துடுச்சு" என்று சொன்னால் அதில் அதிசயம் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

டேங்க் ஏறக்குறைய காலியாகும்வரை ஓட்டுங்கள். வழக்கமாக சத்தம் வரும் ஒரு மேட்டை குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சுவர் இருக்கும் மேம்பாலம் என்றால் ரொம்ப நல்லது. கண்ணாடியை இறக்கிவிட்டால் எதிரொலி காதில் தெளிவாக விழும். நார்மல் பெட்ரோலில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். டேங்க் காலியானதும் 10 லிட்டர் உசத்தி பெட்ரோல் போட்டு, அதே மேடு, அதே கியர், அதே வேகம், அதே நேரம். இரண்டிலும் சத்தமே இல்லை என்றால் நார்மலே போதும். நார்மலில் வந்து, உசத்தியில் நின்றுவிட்டால் கார்பன், டைமிங் இரண்டையும் பாருங்கள். அதற்குப் பிறகும் கேட்டால்தான் உசத்தி பெட்ரோல். இரண்டிலும் வந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு மெக்கானிக்கை பாருங்கள். அது நாக்கிங்கே இல்லாமல் டேப்பட் சத்தமாகக்கூட இருக்கலாம். டேப்பட் சத்தம் சும்மா நிற்கும்போதும் கேட்கும். நாக்கிங் இழுக்கும்போது மட்டும்தான் வரும்.

பாச்சா உருண்டையும் பாட்டில் மருந்தும்

80, 90-களில் பைக் வைத்திருந்த வாலிபர்கள் டேங்குக்குள் பாச்சா உருண்டை போட்டு ஓட்டிய கதையை இப்போதைய அப்பாக்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாச்சா உருண்டை பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் ஆவியானதும் அது மறுபடி உறைந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துக்கொள்ளும். அந்த வித்தை காருக்கும் வேண்டாம்.

இப்போது அதே ஆசையை 'ஆக்டேன் பூஸ்டர்' என்று பாட்டிலில் விற்கிறார்கள். '10 பாயிண்டு கூடும்' என்று எழுதியிருந்தால் 91 ஆக்டேன் 101 ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. இந்த வியாபாரத்தில் 10 பாயிண்டு என்பது பெரும்பாலும் 1 ஆக்டேன்தான். சில மருந்துகளில் மாங்கனீஸ் உண்டு. அது பிளக்கில் ஆரஞ்சு நிறத்தில் படியும்.

கலப்பட பயம் வேறு. பெட்ரோலில் மண்எண்ணெய் கலந்தால் ஆக்டேன் சடாரென விழும். நேற்றுவரை நன்றாக ஓடிய கார், பெட்ரோல் போட்ட அன்றே டிக் டிக் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பங்கில் பில்டர் பேப்பர் கேட்டு வாங்கலாம், கொடுக்க மறுக்கக் கூடாது. ஒரு சொட்டு பெட்ரோலை அதில் விட்டு ஊதுங்கள். கறையில்லாமல் ஆவியானால் சரி. எண்ணெய்க் கறை தங்கினால் அந்த பங்குக்கு கும்பிடு போட்டுவிட்டு, பில்லோடு எண்ணெய் கம்பெனிக்கு புகார் கொடுக்கலாம்.

பழைய காருக்கு இப்போது நிஜ தலைவலி

ஆக்டேன் கவலையை எத்தனால் தீர்த்துவிட்டது. பதிலுக்கு வேறு கவலையை கொடுத்திருக்கிறது. 2000-ம் ஆண்டு காரின் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர், கேஸ்கட் எதுவும் 20 சதவீத எத்தனாலுக்காக செய்ததல்ல. இ20-க்கு ஏற்ற பொருட்களோடு புது கார்கள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில் இருந்துதான். சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமே சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

மைலேஜும் கொஞ்சம் குறையும். எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி கம்மி. பழைய 4 சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணக்கு போட்டது. 14 கொடுத்த வண்டி 13 கொடுத்தால் "பெட்ரோல் மட்டம்" என்று பங்க்காரரிடம் சண்டைக்கு போக வேண்டியதில்லை.

சிலர் 100 ஆக்டேனை தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் எத்தனால் கிடையாது என்று கேள்விப்பட்டு ரப்பரை காப்பாற்ற போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டி, மாதம் 10 லிட்டர் செலவழிக்கும் காருக்கு இது நியாயமான கணக்கு. கூடுதல் செலவு 600 ரூபாய்தான். ஆனால் பங்கிலேயே எத்தனால் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் அந்த காசில் எத்தனால் தாங்கும் ஹோசை ஒரே தடவை மாற்றிவிடுவதுதான் லாபம்.

ஹோசை பார்ப்பது எளிது. என்ஜின் ஆறியபின் பானெட்டை தூக்கி, பெட்ரோல் ஹோசை கிளிப் பக்கத்தில் விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தாலோ, உப்பியிருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, பெட்ரோல் வாசனை அடித்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார் என்றால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டு வைக்க வேண்டாம். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு டேங்க் அடியில் தனியாக பிரிந்து நிற்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலில் ஆக்டேன் 95 இருக்காது.